பக்கத்து வீட்டுக் கையெழுத்து

புகைபோக்கி ஆய்வாளர் நிலவறையிலிருந்து படியேறி வந்தபோது, அவர் முகத்தில் அப்பியிருந்த கரியைவிட வீட்டுக்காரர் ரூனேயின் முகம் அதிகமாகக் கறுத்திருந்தது. கொதிகலன் கதவில் மஞ்சள் சீட்டு ஒட்டியாகிவிட்டது. இனி இந்த வீட்டில் விறகு எரிக்கக் கூடாது.

"உள்சுவர் மேலேருந்து கீழ வரைக்கும் வெடிச்சிருக்கு," என்றார் ஆய்வாளர். "இன்னொரு வாட்டி பத்த வெச்சீங்கன்னா, நான் அடுத்த வருஷம் வந்து பாக்க வீடு இருக்காது."

"சின்னதா எரிச்சா?"

"சின்னதாவும் கூடாது."

"அப்ப மேல புகையே வராதா?"

ஆய்வாளர் தன் முப்பது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. "வராது. வரக் கூடாதுன்னுதான சீட்டு ஒட்டியிருக்கேன்?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அக்டோபர் கடைசி வாரம். ஏரியோரத்தில் காலையில் மெல்லிய பனிக்கட்டி படியத் தொடங்கியிருந்தது. ஆனால் ரூனேயின் கவலை குளிர் அல்ல. அந்தத் தெருவில் பதினான்கு வீடுகள். பதின்மூன்று வீட்டுக் கூரைகள் மொட்டையாக நிற்க, புகை வருவது அவர் வீட்டிலிருந்து மட்டும்தான். அதை அவர் தேசியக் கொடிக்கு மேலாக மதித்து வந்தார். நாளைக் காலை புகை வராவிட்டால் எட்டு மணிக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். எல்லாரையும்விட முதலில் ஏவெர்ட்டுக்குத் தெரிந்துவிடும்.

ஏவெர்ட் பக்கத்து வீட்டுக்காரர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தெருவில் முதன்முதலாகப் பாறையைத் துளைத்து, பூமிக்கடியிலிருந்து வெப்பம் எடுத்தவர் அவர்தான். அந்த வாரம் ரூனே செய்ததை எல்லாம் ரூனேயே நினைத்துப் பார்க்க விரும்பியதில்லை. சத்தம் தாங்கவில்லை என்று தினம் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஏவெர்ட்டின் கதவில் ஒட்டினார். திராட்சைப் புதரில் நாலு சொட்டுச் சேறு தெறித்ததற்கு நகராட்சிக்குப் புகார் எழுதினார். அதோடு விட்டாரா? நடுக்கோடைக் கொண்டாட்டத்தில் தெருவே ஒரே மேசையில் உட்கார்ந்து மீனும் புது உருளைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். "விறகு வெட்ட உடம்பு வளையாதவன்தான் பூமிக்கடியில கையை விட்டுச் சூடு திருடுவான்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஏவெர்ட் காதுவரை சிவந்துபோய்த் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஏவெர்ட் அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை. எதிரில் வந்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். ரூனேக்கு மறுநாள் காலையிலேயே வெட்கமாகிவிட்டது. மன்னிப்புக் கேட்க நினைத்தார். திங்கட்கிழமை கேட்கலாம் என்றிருந்தார். அப்படியே பன்னிரண்டு வருடம் போய்விட்டது. அதற்குள் மற்ற பன்னிரண்டு வீடுகளும் துளைத்து முடித்துவிட்டன.

"நாமளும் துளைச்சிடலாம்," என்றாள் சொல்வெய். அவர் மனைவி. மேலங்கியோடு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, காப்பிக் கோப்பையைப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

"நானா? துளைக்கிறதா? அந்தாளு மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"அப்ப நீ அவர் மூஞ்சிய நெனச்சுக்கிட்டே இரு. நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். முதல் பனி விழறதுக்குள்ள இந்த வீடு சூடாகலைன்னா வசந்தத்துலதான் வருவேன்."

சொல்வெய் சொன்னால் செய்வாள். முப்பத்தெட்டு வருட அனுபவத்தில் ரூனே தெரிந்துகொண்ட ஒரே உறுதியான சங்கதி அது.

துளைக்கும் கம்பெனியிலிருந்து தூவா என்ற பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். நாட்டின் வடகோடியைச் சேர்ந்தவள். ஆமாம் என்று சொல்வதற்குப் பதிலாக மூச்சை உள்ளே இழுத்து 'ஷுப்' என்பாள். ரூனே அவளைத் தெருவில் நிற்க விடாமல் கொல்லைப்புற வழியாக உள்ளே அழைத்து வந்தார்.

"துளையே போடாம ஏதாவது வழி இருக்கா?" என்றார் எடுத்ததும். "சத்தமில்லாம?"

"இருக்கு. புல்தரையில ஒரு மீட்டர் ஆழத்துல நீளமா குழாய் பதிக்கலாம்." அவள் ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தாள். "ஆனா அதுக்கு நானூறு மீட்டர் குழாய் வேணும். இந்த எடத்துல பதிச்சா ஆப்பிள் மரம் போயிடும், விறகுக் கொட்டகை போயிடும், பாதிக் குழாய் ரோட்டுல கிடக்கும்."

"ஏரியில போடலாமே?" என்றாள் சொல்வெய்.

"ஏரி உங்களுதா?"

"இல்ல."

"அப்ப பாறைதான். நூத்தறுபது மீட்டர். குளிர்காலத்துல சூடு தரும், கோடையில அதே துளை வீட்டக் குளுகுளுன்னு வெச்சிருக்கும்."

சொல்வெய்யின் கண்கள் விரிந்தன. போன ஜூலையில் அவள் மாடி அறையில் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு தூங்கியிருந்தாள். "இதையே வெச்சிடுங்க," என்றாள். முடிவாகிவிட்டது. ரூனேயை யாரும் கேட்கவில்லை.

தூவா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் தண்ணீர்க் குழாய். கிழக்கே சரிவு, இயந்திரம் நிற்காது. கடைசியில் அடுப்பங்கரைச் சுவரை ஒட்டி ஒரு குச்சியை நட்டாள். "இங்கதான். வேலிக்கு ஆறு மீட்டர் இருக்கு. பத்து மீட்டருக்குள்ள வந்தா பக்கத்து வீட்டுக்காரர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

"ஏவெர்ட்டா?"

"ஷுப்."

"அவரோட துளைல நம்ம துளை இடிச்சுட்டா?" ரூனேயின் குரலில் கவலையைவிட ஆசைதான் அதிகமாக இருந்தது.

"இடிக்காது. அவர் துளை வேலிக்கு அந்தப் பக்கம் பதினஞ்சு மீட்டர் தள்ளி, செங்குத்தா இருக்குன்னு பதிவு இருக்கு. ஒரு கையெழுத்துதானே, காப்பி குடிச்சிக்கிட்டே வாங்கிடலாம்."

ரூனே அன்று மதியம் நகராட்சிக்குத் தொலைபேசினார். "நான் போய்க் கேக்காம நீங்களே அவருக்குக் கடிதம் போட முடியுமா? என் பேர் இல்லாம?"

"பேர் இல்லாம எப்படிங்க?" என்றது மறுமுனைப் பெண்குரல். "யார் துளைக்கப் போறாங்கன்னு அவருக்குத் தெரிய வேணாமா?"

"தெரியாம இருந்தா நல்லாருக்கும்."

கடிதம் போயிற்று. பேரோடு, முகவரியோடு, வரைபடத்தோடு போயிற்று.

நான்காம் நாள் ஏவெர்ட் வேலியருகே வந்து நின்றார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவராகவே பேச்சைத் தொடங்கினார். முகம் வெளுத்திருந்தது.

"ரூனே, ஒரு கடிதம் வந்துச்சு. நீங்க துளைக்கப் போறீங்களாமே?"

ரூனேக்கு உடம்பெல்லாம் கூசியது. 

"எதுக்குங்க உங்களுக்கு அதெல்லாம்?" ஏவெர்ட் தொடர்ந்தார். "விறகு எவ்வளவு உயர்வான விஷயம்! உங்க வீட்டுப் புகையப் பாக்கறப்பல்லாம் நான் நெனச்சுக்குவேன், மனுஷன்னா இப்படி இருக்கணும்னு. பூமிக்கடியிலேருந்து எடுக்கறது... அது உங்கள மாதிரி ஆளுக்கு ஒத்து வராது."

குத்திக் காட்டுகிறார். பன்னிரண்டு வருடம் காத்திருந்து, மேசையில் பேசியதை அட்சரம் பிசகாமல் திருப்பிக் கொடுக்கிறார். ரூனேயின் காது சுட்டது. அந்தக் குளிரில் அவர் உடம்பில் சூடாக இருந்தது காது ஒன்றுதான்.

"கடிதமா? நானா? சேச்சே!" என்றார். "அது வேற ரூனேயா இருக்கும். நகராட்சியில எப்பவும் இப்படித்தான், ஆளை மாத்திடுவாங்க. நான் விறகுதான். சாகற வரைக்கும் விறகுதான்."

ஏவெர்ட் பெருமூச்சு விட்டார். முகத்தில் ரத்தம் திரும்பியது. "அதானே பாத்தேன்! நல்லதுங்க, ரொம்ப நல்லது," என்று சொல்லிக்கொண்டே போனவர், பாதி வழியில் திரும்பினார். "ஆனா ஒரு வாரமா உங்க வீட்டுல புகையக் காணோமே?"

"புகைபோக்கியத் துடைச்சிருக்கு. நாளைக்குப் பாருங்க."

இப்படிச் சொன்ன பிறகு புகைக்கு ஏற்பாடு செய்யாமல் இருக்க முடியுமா? மறுநாள் காலை ரூனே மாமிசம் சுடும் இரும்பு அடுப்பை வீட்டின் பின்சுவரோரம் புகைபோக்கிக்கு நேர் கீழே வைத்து, ஈரச் சருகையும் பிர்ச் விறகையும் போட்டுக் கொளுத்தினார். தெருவிலிருந்து பார்த்தால் கூரைக்கு மேலே புகை எழும். புகை கூரையிலிருந்து வருகிறதா, கூரைக்குப் பின்னாலிருந்து வருகிறதா என்று யார் கண்டது?

புகை நன்றாகவே வந்தது. சருகு ஈரமாக இருந்ததால் தேவைக்கு மேலேயே வந்தது. கால் மணியில் எதிர்வீட்டுக்காரர் கண்ணுக்கு ரூனேயின் வீடு பின்பக்கமாகப் பற்றி எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு வந்தபோது ரூனே வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு வாசலில் நின்றார். தெருவே கூடிவிட்டது. ஏவெர்ட் ஒரு கம்பளியையும் காப்பிக் குடுவையையும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

தீயணைப்புக்காரர்களின் தலைவர் முதல் வேலையாக நிலவறைக்கு இறங்கினார். மேலே வந்து, கடமையில் சிறிதும் தவறாதவராக, நாலு வீடு தள்ளியும் கேட்கும் குரலில் சொன்னார். "கொதிகலன்ல மஞ்சள் சீட்டு இருக்கு! இந்த வீட்ல விறகு எரிக்கவே தடை! போன வாரமே தடை போட்டாச்சு! வெளியில சருகுதான் புகைஞ்சிருக்கு!"

அந்தத் தெரு மனிதர்கள் நாசூக்கானவர்கள். தரையையும் வானத்தையும் பார்த்தார்கள், ஒருவர் தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டினார். கேலி செய்திருந்தால்கூட ரூனே தாங்கியிருப்பார். ஏவெர்ட் மட்டும் அவர் தோளில் கம்பளியைப் போர்த்தி, "அந்த ரூனே நீங்கதானா?" என்று மெல்லக் கேட்டார். குரல் நடுங்கியது. கோபத்தை அடக்கிக்கொள்கிறார் என்று ரூனே புரிந்துகொண்டார். பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொண்டால் துளைக்கும் செலவாவது மிச்சம் என்று தோன்றியது.

"போய்க் கேளு," என்றாள் சொல்வெய் அன்று மாலை. பெட்டியில் கம்பளிச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஒரு மன்னிப்பு, ஒரு கையெழுத்து. ரெண்டையும் ஒரே மூச்சுல முடி."

ரூனே பச்சை மேற்பூச்சுப் போட்ட கேக் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். ஏவெர்ட் மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். வீடு இதமான வெப்பத்தில் இருந்தது. ஏவெர்ட் அரைக்கைச் சட்டையில் இருந்தார். ரூனே மேலங்கியைக் கழற்றியதும், இந்தச் சுகத்தையா திருட்டு என்று சொன்னோம் என்று நெஞ்சு குறுகுறுத்தது.

"ஏவெர்ட், நான் உங்ககிட்ட..."

"காத்துலேருந்து சூடு எடுக்கற மெஷின் ஒண்ணு இருக்கு," என்றார் ஏவெர்ட் அவசரமாக. "துளையே வேணாம். வேணும்னா பாதிச் செலவு நான் போட்டுக்கறேன்."

பிச்சை. ரூனே கீழே பார்த்தார். "இல்லைங்க, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன். அந்த மேசையில பேசினது, சீட்டு ஒட்டினது, புகார் கொடுத்தது, எல்லாத்துக்கும். ரொம்பக் கேவலமா நடந்துக்கிட்டேன்."

ஏவெர்ட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நீங்களா மன்னிப்பு? எங்கிட்டயா? அதெல்லாம் எதுக்குங்க, வேணாம்... நீங்க அப்படி சொல்லக் கூடாது." அவர் கழுத்து சிவந்தது. "துளைய அந்தக் கிழக்குப் பக்கமாப் போட முடியாதா?"

"சரிவுங்க. மெஷின் நிக்காது."

"கொஞ்சம் ஆழம் கம்மியா?"

"நூத்தறுபது மீட்டர் வேணுமாம்."

ரூனே சம்மதத் தாளை எடுத்து நீட்டியதும் ஏவெர்ட் அதிலிருந்த வரைபடத்தை விரலால் அளந்து அளந்து பார்த்தார். கையெழுத்தைப் பாதியில் நிறுத்தி, ஜன்னல் வழியே வேலியைப் பார்த்துவிட்டுத்தான் முடித்தார். கேக்கை அவர் தொடவேயில்லை. ரூனே தன் துண்டைத் தனியாகத் தின்று முடித்தார். அது மாவாக நெஞ்சில் அடைத்தது. என் கையால் கொடுத்த கேக்கைக்கூட இவருக்கு இறக்க முடியவில்லை, அவ்வளவு புண்படுத்தியிருக்கிறேன் என்று நினைத்தபடி வீட்டுக்கு நடந்தார்.

நவம்பர் இரண்டாம் வாரம் தூவா சங்கிலிச் சக்கரம் வைத்த இயந்திரத்தோடு வந்தாள். காலை ஏழரைக்குத் தெரு அதிர்ந்தது. ஒரு வீட்டிலிருந்தும் துண்டுச் சீட்டு வரவில்லை. அது ரூனேக்கு இன்னும் வெட்கமாக இருந்தது. ஏவெர்ட்டின் ஜன்னல் திரை மட்டும் அடிக்கடி விலகி விலகி மூடியது.

ஐம்பது மீட்டர், எண்பது மீட்டர், நூறு. குழாய் வழியாகச் சாம்பல் நிறச் சேறு ஒரு தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. சொல்வெய் பெட்டியிலிருந்த சட்டைகளை மறுபடி அலமாரியில் அடுக்க ஆரம்பித்திருந்தாள். ரூனேகூட லேசாகச் சீட்டியடித்தார்.

நூற்றுப் பன்னிரண்டாவது மீட்டரில் இயந்திரம் ஒரு குதி குதித்தது.

சேறு நின்று, நுரை வந்தது. நுரையோடு கறுப்பு பிளாஸ்டிக் சீவல்கள் வந்தன. பின்னாலேயே மதுக்கடையைத் திறந்துவிட்டாற்போல் சாராய வாடை வீசியது. தூவா சட்டென்று இயந்திரத்தை நிறுத்தினாள். அந்த அமைதியில் ஏவெர்ட்டின் வீட்டுக்குள்ளிருந்து வெப்ப இயந்திரத்தின் அபாய மணி கீச்கீச்சென்று கத்துவது தெளிவாகக் கேட்டது.

"என்னது இது?" என்றார் ரூனே.

தூவா ஒரு சீவலை எடுத்துப் பார்த்தாள். "வெப்பக் குழாய். பூமிக்கடியில ஓடறது. உள்ள ஓடற தண்ணி உறையாம இருக்க அதுல சாராயம் கலப்பாங்க."

"யாரோடது?"

"இவ்வளவு கிட்டத்துல வேற யாருக்கு இருக்கு?"

ரூனேக்குப் புரிந்துவிட்டது. தன் துளை கோணிக்கொண்டு வேலிக்கடியில் நுழைந்து, ஏவெர்ட்டின் நிலத்துக்குள் போய், அந்த நல்ல மனிதரின் வீட்டை நவம்பர் மாதத்தில் குளிரில் தள்ளிவிட்டது. சீட்டு ஒட்டியது போதாது, புகார் கொடுத்தது போதாது, இப்போது அடுப்பையே அணைத்தாகிவிட்டது.

"கொஞ்சம் இருங்க, நான் அளவு கருவிய உள்ள எறக்கி..." என்று தூவா ஆரம்பித்ததை அவர் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏவெர்ட் வீட்டை நோக்கி நடந்தார். சத்தம் நின்றதால் தெரு மறுபடி கூடியிருந்தது. ஏவெர்ட் வாசற்படியில் செருப்போடு நின்றிருந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"ஏவெர்ட்!" ரூனேயின் குரல் உடைந்தது. இத்தனை பேர் கேட்கிறார்களே என்று பார்க்கவில்லை. "நான் ஒரு அயோக்கியன். உங்களத் திருடன்னு சொன்னேன், இப்ப உங்க பூமிக்குள்ள நானே புகுந்துட்டேன். புதுத் துளை என் செலவு. அது முடியற வரைக்கும் நீங்க எங்க வீட்ல வந்து இருங்க... எங்க வீடும் குளிராத்தான் இருக்கு, ஆனா கம்பளி நெறைய இருக்கு. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன், மன்னிச்சிடுங்க."

பக்கத்தில் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். அந்தத் தெருவில் நாற்பது வருடமாக யாரும் இப்படி வாய்விட்டுப் பேசியதில்லை.

ஏவெர்ட் ரூனேயைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "பரவாயில்ல ரூனே. விட்டுடுங்க," என்றார் மிகச் சன்னமாக. "செலவெல்லாம் நீங்க ஒண்ணும் தர வேணாம். புதுத் துளைய நானே போட்டுக்கறேன். நகராட்சிக்கெல்லாம் சொல்ல வேணாம். இதோட முடிச்சுக்குவோம்." அவசரமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ரூனே தொப்பியால் கண்ணைத் துடைத்தபடி திரும்பி வந்தார். சொல்வெய்யும் கண்கலங்கியிருந்தாள். இருவரும் அடுப்பங்கரைச் சுவரோரம் அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு காசு வேணாம்னுட்டார்," என்றார் ரூனே. "புகார்கூடப் பண்ண மாட்டாராம். இப்படி ஒரு மனுஷனோட பன்னெண்டு வருஷம் பேசாம இருந்துட்டேனே சொல்வெய்! வெக்கமா இருக்கு. சாகற வரைக்கும் இந்த வெக்கம் போகாது."

"பெரிய மனசு," என்றாள் சொல்வெய். "இப்படி யாருக்கு வரும்?"

தூவா துளைக்குள்ளிருந்து அளவு கருவியைச் சுருட்டி மேலே எடுத்து, சேற்றைத் துடைத்து, எண்ணை இரண்டு தடவை படித்தாள்.

"நம்ம துளை நூல் பிடிச்ச மாதிரி நேராத்தான் எறங்கியிருக்கு, பெரியவரே," என்றாள். "அவரோட குழாய்தான் கோணலா வேலியத் தாண்டி வந்து, பன்னெண்டு வருஷமா உங்க அடுப்பங்கரைக்கு அடியில இருந்திருக்கு."